அம்மா தெளிந்துவிட்டார் என்று நாங்கள் நம்பிய இரவு

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 7, பெரிய வெள்ளி. பாம்பன் தீவில் உள்ள எங்கள் ஊரில் அன்று நண்பகலில் சிலுவைப் பாதை நடந்தது. மணலும் வெயிலும் சேர்ந்து கால் வைக்க முடியாத சூட்டில், எல்லோரையும் போல என் அம்மாவும் முழங்காலிட்டும் எழுந்தும் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு அப்போது 67 வயது; சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு என்பதால் காலையில் பால் சேர்க்காத வரக்காப்பி மட்டுமே குடித்திருந்தார். ஆனால் மாத்திரையை விடவில்லை. சாப்பாட்டை விட்டால் புண்ணியம், மாத்திரையை விட்டால் ஆபத்து என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு எந்த இடத்தில் தவறியது என்பதை எங்கள் வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை. பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தும் நானும் அறிந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நிலையைத் தாண்டும்போது அம்மா வரிசையை விட்டு விலகி, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். என்னவென்று கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணுமில்ல புள்ள, வெயிலு" என்றார். ஆனால் அந்தச் சொற்கள் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தன. நெற்றியும் பிடரியும் நனைந்திருந்தன. கூட்டத்தில் வியர்க்காதவர் யாரும் இல்லை என்பதால் அந்த வியர்வை எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. கையைப் பிடித்தபோதுதான் அது சில்லென்று இருப்பதை உணர்ந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடிப் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். அம்மா அதைக் குடித்தார். கால் மணி நேரத்தில் பேச்சு தெளிந்து முகம் பழையபடி ஆனது. "பசி மயக்கம்தான்" என்று எல்லோரும் சொல்ல, நானும் நம்பினேன். வழிபாடு முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு கைப்பிடி சோறும் துவையலும் சாப்பிட்டார். அது ரமலான் மாதமும் கூட. மாலையில் எங்கள் தெருவில் உள்ள இஸ்லாமியக் குடும்பத்தார் வழக்கம்போல் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார்கள். அதில் கறி சேர்ந்திருந்ததால், சுத்தபோசனம் என்று சொல்லி அம்மா அதைத் தொடவில்லை. இரவு மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு படுத்தார்.

இரவு இரண்டரை மணிக்கு ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். குறட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தலையணை நனைந்திருந்தது. உலுக்கினாலும் அம்மா எழவில்லை. குளுக்கோமீட்டரில் 38 என்று காட்டியது. உடனே சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து, அவர் வாயைத் திறந்து ஊற்றப் போனேன். அடுத்த வீட்டில் இருக்கும் செவிலியர் அந்த நேரத்தில் உள்ளே வந்து என் கையைப் பிடித்துத் தடுத்திருக்காவிட்டால், அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கும். அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைத்தோம். மருத்துவமனையில் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலை ஏற்றிய சில நிமிடங்களில் அம்மா கண் விழித்து, எல்லோரும் ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டார். அந்த நிம்மதியோடு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று நான் நினைத்தபோது, பணியில் இருந்த மருத்துவர் விடவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்தது: மூன்று மணி நேரம் கழித்து, டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரை மறுபடியும் 60-க்குக் கீழே வந்தது. இரண்டு நாள்கள் வைத்திருந்து, பாஸ்கு (ஈஸ்டர்) ஞாயிறு மாலைதான் அனுப்பினார்கள்.

இந்தப் பதிவை நான் எழுதுவது அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். சர்க்கரை இறங்கினால் இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரையில் இன்று சிறு பிள்ளைக்கும் தெரியும். இனிப்பு வேலை செய்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஆள் தெளிந்ததும் கதை முடிந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். சிலருக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது.

அம்மா எடுத்துக்கொண்டிருந்தது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை. நம் பக்கத்தில் பலரும் விழுங்கும் கலவை அது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது, ஏனெனில் அது இன்சுலினைப் புதிதாகச் சுரக்க வைப்பதில்லை. கிளிமிபிரைடு அப்படியல்ல. அதுவும், கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு ஆகியவையும் சல்ஃபோனைல்யூரியா என்ற வகையைச் சேர்ந்தவை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல், கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி அவை தூண்டிக்கொண்டே இருக்கும். கிளிமிபிரைடின் வேலை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீடிக்கும். ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீரோ ஒரு மணி நேரத்துக்குள் செலவாகிவிடும். எனவே சர்க்கரை ஏறுகிறது, ஆள் தெளிகிறார், சர்க்கரைத் தண்ணீர் தீர்கிறது, மாத்திரை மிச்சமிருக்கிறது, சர்க்கரை மீண்டும் விழுகிறது. இரண்டாவது முறை விழுவது பெரும்பாலும் வீடே உறங்கும் நேரத்தில் நடக்கிறது.

அம்மாவுக்கு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மருத்துவமனையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.9 இருந்தது. அதாவது சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. எப்போதிருந்து என்று எங்களுக்குத் தெரியாது, ஏனெனில் இரண்டு ஆண்டுகளாக அந்தப் பரிசோதனையை நாங்கள் எடுக்கவே இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் இந்த மாத்திரையும் இன்சுலினும் வெளியேறாமல் அதிக நேரம் தங்கி வேலை செய்யும். 53 வயதில் சரியாக இருந்த அளவு 67 வயதில் அதிகமாகிவிடுவது இப்படித்தான். மாத்திரை மாறவில்லை, உடல் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய தவறும் நடந்திருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அம்மாவுக்கு 6.1 வந்தபோது நாங்கள் பெருமைப்பட்டோம்; உறவினர்களிடம் சொல்லி மகிழ்ந்தோம். இந்த வகை மாத்திரை எடுக்கும் ஒரு வயதானவருக்கு 6.1 என்றால், அவர் பல இரவுகள் தெரியாமலே கீழே போய்வந்துகொண்டிருக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். இப்போது அவருக்கு 7.5 முதல் 8 வரை இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதியவர்களுக்கும் வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் இலக்கைத் தளர்த்துவது இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு பெரிய வெள்ளி தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

சர்க்கரை இறங்கும்போது உடலில் நடப்பதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 54-க்குக் கீழே போனால் அபாயம் என்று மருத்துவத்தில் எல்லை வகுத்திருக்கிறார்கள். பிறர் உதவி இல்லாமல் மீள முடியாத நிலை என்றால், எண் எதுவாக இருந்தாலும் அது கடுமையானது. முதலில் உடல் அட்ரினலினைச் சுரந்து அபாய மணி அடிக்கிறது. கைநடுக்கம், படபடப்பு, வியர்வை, அடக்க முடியாத பசி, காரணமில்லாத பயம் எல்லாம் அந்த மணியோசைதான். இதை நாம் கேட்காமல் விட்டால் அடுத்தது மூளை. மூளை தனக்கென்று சர்க்கரையைச் சேமித்து வைக்காது. இரத்தம் கொண்டுவந்து தருவதை வைத்தே அந்தந்த நேரத்துக்கு ஓடுகிறது. வரத்து குறைந்ததும் பேச்சு குழறுகிறது, பார்வை மங்குகிறது, நடை தள்ளாடுகிறது, குணம் மாறுகிறது. அமைதியான மனிதர் எரிந்து விழுவார். கொடுக்கும் சர்க்கரையைத் தட்டிவிடுவார். பிறகு வலிப்பும் நினைவிழப்பும் வரும். சில நேரம் ஒரு பக்கக் கைகால் தளர்ந்து பக்கவாதம் போலவே தோன்றும். ஆகவே பக்கவாதம் என்று சந்தேகித்தால், 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வருவதற்குள் ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும்.

அம்மாவுக்குப் படபடப்போ கைநடுக்கமோ ஏன் வரவில்லை என்பது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. இரத்தக் கொதிப்புக்காக அவர் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரை பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்த மெட்டோப்ரோலால். அது அட்ரினலினின் மணியோசையைத் தணித்துவிடும். நெஞ்சு படபடக்காது, கை நடுங்காது. வியர்வையை மட்டும் அதனால் தடுக்க முடியாது. அதாவது அம்மாவின் உடல் எங்களுக்குக் காட்டக்கூடிய ஒரே அடையாளம் வியர்வைதான். அதையும் சித்திரை நெருங்கும் கடற்கரை வெயில் மறைத்துவிட்டது. இந்த ஊரில் வாழ்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வெயில் வியர்வையில் தோல் சூடாக இருக்கும். சர்க்கரை இறங்கி வரும் வியர்வையில் தோல் குளிர்ந்து பிசுபிசுக்கும். பிடரியில் கை வைத்தால் தெரியும். சந்தேகம் வந்தால் கருவியில் பார்த்துக்கொள்ளலாம். கருவி இல்லையென்றால், இறங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு இனிப்புக் கொடுப்பதுதான் சரி.

அடிக்கடி சர்க்கரை இறங்கும் ஒருவருக்குக் காலப்போக்கில் அந்த மணியே அடிக்காமல் போய்விடுவதும் உண்டு. உடல் அந்தத் தாழ்வுக்குப் பழகி, இன்னும் கீழே போன பிறகே எச்சரிக்கத் தொடங்கும். "எனக்கு 50 வந்தாலும் ஒண்ணும் செய்யாது" என்று சிலர் வீரமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நல்ல செய்தி என்னவென்றால், மருந்தைச் சரிசெய்து சில வாரங்கள் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொண்டால், பலருக்கு அந்த உணர்வு திரும்பிவிடுகிறது. அதற்கு மருத்துவரிடம் போயாக வேண்டும்.

இனி, என்ன கொடுப்பது என்பதைப் பற்றி. நினைவோடு இருந்து, தானாக விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் காத்திருந்து, மறுபடியும் பார்க்க வேண்டும். 70-க்கு மேல் ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம். வீட்டுக் கணக்கில் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் அந்த அளவு வந்துவிடும். ஏறிய பிறகு இட்லியோ சோறோ ரொட்டியோ சாப்பிட வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் வந்த வேகத்திலேயே இறங்கும்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பனைதான் கைகொடுக்கும் என்பதால், இதிலும் கருப்பட்டியைத் தேடுவோம். கருப்பட்டி பலன் தரும், ஏனெனில் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். ஆனால் தடுமாற்றத்தில் இருப்பவர் வாயில் கட்டிக் கருப்பட்டியையோ பனங்கற்கண்டையோ கொடுத்துக் கடிக்கச் சொல்லக் கூடாது, தொண்டையில் சிக்கும். பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் தர வேண்டும். இளநீரை நம்ப வேண்டாம், அதில் உள்ள இனிப்பு போதாது. நுங்கும் அப்படியே. பால்கோவா, சாக்லேட், அல்வா போன்றவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை நோயாளிக்கென்று இனிப்புச் சேர்க்காமல் விற்கும் பானங்களால் எந்தப் பயனும் இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தெரியாமல் இருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மருந்துகள் சில கூட்டு மாத்திரைகளில் கிளிமிபிரைடோடு சேர்ந்தே வருகின்றன. குடலில் சர்க்கரை உடைந்து குளுக்கோஸாக மாறுவதைத் தாமதப்படுத்துவதே அவற்றின் வேலை. அந்த மாத்திரை எடுக்கிறவருக்குச் சர்க்கரை இறங்கினால், வீட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் கற்கண்டும் வேகமாக வேலை செய்யாது. மருந்துக் கடையில் பொட்டலமாக விற்கும் குளுக்கோஸ் பொடிதான் அவருக்கு வேண்டும், ஏனெனில் அதை உடைக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டு மாத்திரை அட்டையை இன்றே திருப்பி, சிறிய எழுத்தில் உள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை என் கதையிலேயே சொல்லிவிட்டேன். வலிப்பு வந்தவருக்கும் அப்படியே. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைப்பதுதான் செய்ய வேண்டியது. தீவுக்குள் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் பெரிய மருத்துவமனை என்றால் பாம்பன் பாலத்தைக் கடந்து இராமநாதபுரம் வரை ஐம்பது கிலோமீட்டர் அளவு போக வேண்டியிருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில், பலர் எதிர்பார்ப்பதைவிட முன்னதாகப் போங்கள் என்பதே. இரண்டு மூன்று முறை இனிப்புக் கொடுத்தும் 70-ஐத் தாண்டாதபோதும், சர்க்கரை ஏறிய பிறகும் குழப்பம் தெளியாதபோதும், நினைவு தப்பியபோதும், வலிப்பு வந்தபோதும் ஒரு நொடியும் யோசிக்காமல் போவீர்கள். அதைச் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது மற்றதை. சல்ஃபோனைல்யூரியா மாத்திரை எடுக்கும் முதியவருக்கோ சிறுநீரக நோயாளிக்கோ சர்க்கரை இறங்கி, இனிப்பில் தெளிந்துவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்வரை அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். தவறுதலாக இன்சுலினை இரண்டு முறை போட்டுக்கொண்டவரும், மது அருந்திய பிறகு சர்க்கரை இறங்கியவரும் தெளிவாகப் பேசினாலும் அன்றே போக வேண்டும். மது, ஈரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைத் தடுத்துவிடும். குடித்தது இரவென்றால் இறங்குவது மறுநாள் காலையாக இருக்கலாம்.

அவசரம் இல்லாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் போக வேண்டியவர்கள் இன்னும் பலர். வாரத்தில் இரண்டு முறை இறங்கியவர்கள், 54-க்குக் கீழே ஒரு முறையாவது பார்த்தவர்கள், கெட்ட கனவும் நனைந்த சட்டையும் காலைத் தலைவலியுமாக எழுகிறவர்கள், எடை குறைந்தவர்கள், பல் கொட்டிச் சாப்பாடு குறைந்தவர்கள் எல்லோரும் இதில் அடங்குவர். சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு எதற்கோ நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கும்போதும், தான் சர்க்கரைக்கு என்ன எடுக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை சல்ஃபோனைல்யூரியாவோடு சேரும்போது சர்க்கரையை இறக்கக்கூடியவை. மருத்துவரிடம் போகும்போது எண்களை எழுதிய நோட்டைக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்துவிடும். மாதம் ஒரு முறை வெறும் வயிற்றில் பார்க்கும் ஒற்றை எண்ணில் இந்த இறக்கங்கள் தெரிவதே இல்லை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியபின் மாத்திரைகள் வீட்டுக்கே வருவது எங்கள் முதியவர்களுக்குப் பெரிய உதவி. அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் மாத்திரை வாசலுக்கு வருகிறது என்பதால் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடக் கூடாது. நாங்கள் அப்படித்தான் நிறுத்தியிருந்தோம்.

நோன்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் சர்க்கரையைப் பற்றி எழுத முடியாது. தேவிபட்டினம் முதல் கீழக்கரை வரை, மூன்று மதத்தாரும் ஏதாவது ஒரு நாளில் பட்டினி கிடக்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயது நிரம்பியவர்களுக்குத் தொடங்கி, 59 வயது நிறைவதோடு முடிகிறது. நோயாளிகளுக்கு அது கிடையாது. என் அம்மாவுக்கு இரண்டு காரணங்களாலும் விலக்கு இருந்தது, ஆனால் அவரிடம் அதை யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. இஸ்லாத்திலும் நோயாளிகளுக்கு விலக்கு இருக்கிறது. நோற்றே தீருவேன் என்கிறவர்கள் ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்; பகலில் 70-க்குக் கீழே போனால் அந்த இடத்திலேயே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. நோன்பு திறக்க அரை மணி நேரம்தானே இருக்கிறது என்று பொறுப்பது தவறு. இராமேசுவரத்துக்கு வருகிற யாத்திரிகர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் விடுதியில் இன்சுலின் போட்டுக்கொண்டு, 22 தீர்த்தங்களிலும் ஆடி, தரிசனம் முடிந்த பிறகே சாப்பிடுவோம் என்று வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் பெரியவர்கள் அவர்களில் இருப்பார்கள். ஊசியைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரலாம். அந்த ஈரத்துணியில் வியர்வையை யார் கண்டுபிடிக்க முடியும்?

இன்சுலினைச் சொன்னதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு உரியது, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100-க்கு உரியது. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்துப் போட்டால், எழுதிக் கொடுத்ததைப் போல் இரண்டரை மடங்கு உடலுக்குள் போகும். மருந்துக் கடையில் அவசரமாக வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

சர்க்கரை நோயே இல்லாதவர்களும் எனக்கு லோ சுகர் என்று சொல்வதுண்டு. பசியில் வரும் கிறுகிறுப்பு எல்லாம் அதுவல்ல. அறிகுறி இருக்கும் அதே நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும், இனிப்புச் சாப்பிட்டதும் அது மாற வேண்டும். மூன்றும் பொருந்தினால் மருத்துவர் காரணத்தைத் தேடுவார், ஏனெனில் ஈரல், அட்ரினல் சுரப்பி, கணையத்தில் சிறு கட்டி என்று சில காரணங்கள் உண்டு.

கடைசியாக என் சித்தப்பாவைப் பற்றி. அவர் நாட்டுப்படகில் தென்கடலுக்குப் போகிறவர். பத்து ஆண்டுகளுக்கு மேல் மதுவைத் தொடாதவர். சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலையில் கரைக்கு வந்து, படகிலிருந்து இறங்கி, நாலடி நடந்து, மணலில் விழுந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று நினைத்து, ஆள்கள் அவரைத் தாண்டிப் போய் மீனை ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய சர்க்கரை அப்போது 44. இரவெல்லாம் வலை இழுத்த தசை, இரத்தத்தில் உள்ள சர்க்கரையை வேலை முடிந்த பிறகும் பல மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதும், சாப்பாட்டு நேரம் கடலின் கையில் இருக்கும் தொழிலில் காலை மாத்திரை, இரவு மாத்திரை என்ற கணக்கு பொருந்தாது என்பதும் அவருக்கு மாத்திரை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் என்ன தொழில் என்று சித்தப்பா சொல்லவே இல்லை. கடல்பாசி எடுக்க விடியும் முன்பே வெறும் வயிற்றோடு தீவுகளுக்குப் போகும் பெண்களில் எத்தனை பேர் தங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியிருப்பார்கள்?

இப்போது அவர் படகில், ஈரம் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று பொட்டலம் குளுக்கோஸ் இருக்கிறது. தனக்குச் சர்க்கரை இருப்பதைக் கூட வருகிறவர்களிடம் சொல்வதற்கு மட்டும் அவர் நெடுநாள் தயங்கினார். கூலிக்கு அழைக்க மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. போன வாரம்தான் இருவரிடம் சொல்லியிருக்கிறார். கடலுக்குப் போகும் நாள்களுக்கும் போகாத நாள்களுக்கும் தனித்தனியாக மாத்திரை நேரத்தை எழுதி வாங்குவதற்காக, வரும் செவ்வாய்க்கிழமை அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறேன். இரண்டு மாத எண்களைக் குறித்த நோட்டு என் பையில் இருக்கிறது.